குளோ லுசே: லியொனார்டோ டா வின்சி கடைசியாகக் குடியிருந்த வீடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் லுவார் ஆற்றங்கரையில் அம்புவாஸ் என்று ஒரு சிறிய ஊர். ஊரின் நடுவே பாறை மேல் அரசர்களின் கோட்டை நிற்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு விக்டர் ஹியூகோ தெரு வழியாக மேட்டில் ஏறுவார்கள். பாறையைக் குடைந்து கட்டிய குகை வீடுகளைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால், சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லுமாக ஒரு பழைய மாளிகை. அதுதான் குளோ லுசே. அங்கே போகத் திட்டமிடும் நண்பர்களும், போய் வந்த நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

குளோ லுசே என்பது அரண்மனையா, கோட்டையா, வீடா?

வீடுதான். பெரிய வீடு. பிரெஞ்சில் இந்த வகைக்கு 'மனுவார்' என்று பெயர். நம் கிராமங்களில் "பெரிய வீடு" என்று சொன்னால் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியுமல்லவா, கிட்டத்தட்ட அந்தப் பொருள். நிலபுலன் உள்ள ஒரு குடும்பம் வாழ்வதற்காகக் கட்டியது. சுற்றுமதில், காவல் கோபுரம், புறாமாடம், தோட்டம் எல்லாம் உண்டு. ஆனால் படை நடத்துவதற்கோ அரசவை கூட்டுவதற்கோ கட்டியதல்ல. இப்போது பலகையில் 'ஷத்தோ', அதாவது அரண்மனை, என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, வெர்சாய் மாதிரி ஒன்றை எதிர்பார்த்து வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் ஏமாந்து போவார்கள். அறைகள் ஓர் ஆள் வாழக்கூடிய அளவில் இருக்கின்றன. எனக்கு இந்த வீட்டைப் பிடித்துப்போக அதுவே முதல் காரணம்.

யார் கட்டியது, எப்போது?

1471-இல் எத்தியேன் லெ லூ என்பவர் கட்டினார். பதினோராம் லூயி மன்னரிடம் ஊழியம் பார்த்தவர். அரண்மனைச் சமையற்கட்டில் எடுபிடிப் பையனாகத் தொடங்கி, மன்னரின் நம்பிக்கையைப் பெற்று, பிரபுப் பட்டமும் வாங்கி, அம்புவாஸ் ஊரின் நிர்வாக அதிகாரியாக உயர்ந்தார் என்று வீட்டின் வரலாறு சொல்கிறது. கீழே பழைய ரோமர் காலத்து அடித்தளம் இருந்தது. அதன் மேல் எழுந்தது இந்த வீடு. அப்போது இதற்குக் 'குளூ' என்றுதான் பெயர்.

அப்புறம் அரசர் கைக்கு எப்படிப் போனது?

விலைக்குத்தான். 1490 ஜூலை 2 அன்று எட்டாம் சார்ல் மன்னர் எக்கூ என்ற பொற்காசு 3,500 கொடுத்து இதை வாங்கினார். மேலே கோட்டையில் அவர் பெரிய கட்டுமான வேலை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. கல் தச்சர்களும் சாரமும் தூசியுமாக இருந்த கோட்டைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், அமைதியாக ஒதுங்க ஒரு வீடு. அரச குடும்பத்துக்கு அது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த மன்னரின் முடிவு பரிதாபமானது. 1498 ஏப்ரல் 7 அன்று கோட்டையில் ஒரு தாழ்வான வாசல் நிலையில் தலை இடித்துக்கொண்டார். சில மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. வயது 27.

பிறகு இந்த வீடு சாவோய் நாட்டு லூயிஸ் அம்மையாரிடம் வந்தது. அவருடைய பிள்ளைகள் பிரான்சுவாவும் மார்கரீத்தும் அம்புவாஸில் வளர்ந்தார்கள். பையன் பின்னாளில் முதலாம் பிரான்சுவா மன்னரானான். பெண் நவார் நாட்டு அரசியானாள், பெயர்பெற்ற எழுத்தாளரும் ஆனாள். ஆக, லியொனார்டோவுக்கு மன்னர் கொடுத்தது, தான் சின்ன வயதிலிருந்து அறிந்த வீட்டை.

'குளூ' எப்படிக் 'குளோ லுசே' ஆனது?

பெயர் பிற்காலத்தில் மாறியது. 'குளோ' என்றால் வேலியோ மதிலோ சூழ்ந்த நிலம். 'லுசே'யைப் பற்றி ஒரு விளக்கம் சொல்வார்கள்: வீட்டுச் சிற்றாலயத்தில் 'ஒளியின் கன்னி' என்ற மாதா ஓவியம் இருக்கிறது, ஒளிக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான் இந்தப் பெயர் என்று. அழகான விளக்கம் என்பதற்காக மட்டும் நம்பிவிட வேண்டாம்.

சிவப்பும் வெள்ளையுமாகத் தெரிகிறதே, எதனால் கட்டியிருக்கிறார்கள்?

இதைக் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

வெள்ளை நிறம் 'துஃபோ' என்ற சுண்ணாம்புக்கல். லுவார் பள்ளத்தாக்கு முழுவதும் பூமிக்கடியில் இந்தக் கல்தான். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தபோது படிந்தது. மிக மென்மையான கல். வெட்டி எடுத்த புதிதில் கைரம்பத்தால் அறுக்கலாம். காற்றுப் பட்டதும் மேற்பரப்பு கெட்டிப்படும். சிற்பிக்கு இதைவிட இணக்கமான கல் கிடைக்காது. ஜன்னல் ஓரத்தில் இலையும் கொடியும் செதுக்க வேண்டுமா, மரத்தில் செதுக்குகிற மாதிரி செதுக்கலாம். இந்தக் கல்லை வெட்டி எடுத்த குகைகள் வீணாகவும் இல்லை. ஒயின் பாதாள அறைகளாகவும், காளான் வளர்க்கும் இடங்களாகவும், மனிதர் குடியிருக்கும் வீடுகளாகவும் மாறின. வரும் வழியில் பார்த்த குகை வீடுகள் இந்தப் பாறையைக் குடைந்தவைதான்.

இந்தக் கல்லுக்குக் குறையும் உண்டு. தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். ஈரம் ஏறி, பனிக்காலத்தில் உறைந்து, மேல்தோல் செதில் செதிலாக உதிரும். சுவரோரம் நின்று விரலால் லேசாகத் தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்ளும். (தொடாமல் இருப்பதுதான் வீட்டுக்கு நல்லது.) இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் சிமெண்டால் பழுது பார்த்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் இன்னும் வேகமாகக் கெடுகிறது. சுண்ணாம்புச் சாந்துதான் இதற்கு மருந்து. நம் ஊரில் பழைய காரைக் கட்டிடங்களைச் சிமெண்ட் பூசிக் கெடுத்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

செங்கல்லும் வெள்ளைக் கல்லும் கலந்து கட்டுவது பதினோராம் லூயி காலத்து நாகரிகம். தூர் நகரத்துக்குப் பக்கத்தில் ப்ளெஸி என்ற இடத்தில் அந்த மன்னருக்கு இருந்த மாளிகையும் இதே வகைதான். சுவரின் பரப்பு இளஞ்சிவப்புச் செங்கல். மூலைகள், ஜன்னல் சட்டங்கள், கூரைக்குக் கீழே ஓடும் விளிம்பு எல்லாம் வெள்ளைக் கல். மேலே செங்குத்தான சிலேட்டுக் கூரை, கரு நீலம். மழை நின்ற உடனே இந்த மூன்று நிறமும் சேர்ந்து தெரிவதைப் பார்க்க வேண்டும்.

கட்டிடத்தின் அமைப்பு எப்படி?

இரண்டு கட்டிடப் பகுதிகள், ஒன்றுக்கொன்று செங்கோணத்தில். இரண்டும் சேரும் இடத்தில் எட்டுப்பட்டைக் கோபுரம். அதற்குள் சுருள் படிக்கட்டு. அக்காலத்து வீடுகளில் மாடிப்படிக்கென்று தனி இடம் உள்ளே ஒதுக்க மாட்டார்கள். வெளியே கோபுரமாகத் தள்ளிக் கட்டுவார்கள். பார்வைக்குக் கம்பீரம், உள்ளே இடமும் மிச்சம். வீட்டு எஜமானரின் அந்தஸ்தை ஊருக்குக் காட்டுவதும் அந்தக் கோபுரம்தான்.

ஜன்னல்களைக் கவனியுங்கள். நடுவில் ஒரு கல் தூண், குறுக்கே ஒரு கல் சட்டம், சிலுவை மாதிரி. கண்ணாடியைச் சின்னச் சின்னத் துண்டாகத்தான் செய்ய முடிந்த காலத்தின் அடையாளம் அது. 1798-இல் பிரான்ஸில் கதவுக்கும் ஜன்னலுக்கும் வரி போட்டபோது, பல ஊர்களில் வீட்டுக்காரர்கள் ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். கல் சிலுவைகளை உடைத்தும் எடுத்துவிட்டார்கள். அதனால் இந்த வகை ஜன்னல் இருக்கும் வீட்டைக் கண்டால் ஒரு நிமிடம் நிற்பது என் வழக்கம்.

கூரையில் முளைத்து நிற்கும் சாளரங்களின் முகப்பில் இடைக்காலத்துக் கோதிக் பாணிக் கல் வேலைப்பாடு இருக்கிறது, தீ நாக்கு மாதிரி மேல்நோக்கி எழும் வளைவுகள். மறுமலர்ச்சிக் காலத்தின் மிகப் பெரிய மனிதர் வாழ்ந்த வீடு, ஆனால் வீடு மறுமலர்ச்சிப் பாணியில் இல்லை. அவர் வருவதற்கு 45 வருடங்களுக்கு முன்பே கோதிக் காலத்தின் கடைசியில் கட்டி முடித்தாகிவிட்டது. இதை மறந்துவிட்டு "லியொனார்டோ கட்டிய வீடு" என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு செங்கல்கூட அவர் வைத்ததல்ல.

உள்ளே இருக்கும் சிறிய சிற்றாலயம் யாருக்காக?

எட்டாம் சார்லின் மனைவி ஆன் அரசிக்காக. பிரெத்தாஞ் நாட்டின் வாரிசு. அவருக்கும் சார்லுக்கும் பிறந்த பிள்ளைகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. மூத்தவன் சார்ல்-ஓர்லாண்ட் மூன்று வயதில், 1495-இல் இறந்தான். மற்றவை அதைவிடச் சிறு வயதிலேயே கண்ணை மூடின. அந்தத் தாய் தனியாக உட்கார்ந்து அழுது ஜெபிப்பதற்கென்று மன்னர் இந்த இடத்தைக் கட்டிக் கொடுத்தார் என்பார்கள். நாலு பேர் நின்றால் நெருக்கமாகத் தோன்றும் இடம். சுவரில் உள்ள ஓவியங்களை லியொனார்டோவின் சீடர்கள் வரைந்ததாகச் சொல்வது வழக்கம். கூட்டம் இங்கே நிற்காமல் அடுத்த அறைக்கு ஓடிவிடும். நீங்கள் நில்லுங்கள்.

லியொனார்டோ ஏன் 64 வயதில் சொந்த நாட்டை விட்டு வந்தார்?

ஆதரிக்க ஆள் இல்லாமல் போனதால். ரோமில் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தவர் ஜூலியானோ தே மெடிச்சி. 1516 மார்ச்சில் அவர் இறந்துவிட்டார். ரோமில் அப்போது பேச்செல்லாம் மைக்கலாஞ்சலோ, ரஃபேல் என்ற இளையவர்களைப் பற்றித்தான். இந்தப் பக்கம், 1515-இல் அரியணை ஏறியபோது பிரான்சுவாவுக்கு வயது இருபது. இத்தாலியப் போரில் மரிஞானோவில் வென்று, மிலானைப் பிடித்து, இத்தாலியக் கலையில் மயங்கிப் போயிருந்தார். அவர் அழைத்தார், கிழவர் கிளம்பினார்.

1516-இல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய பயணம் அது. கூட வந்தவர் சீடர் பிரான்செஸ்கோ மெல்சி, வேலைக்காரர் பத்திஸ்தா. 1517 மே மாதம், இயேசு விண்ணேற்புத் திருநாளன்று அம்புவாஸில் குளூவில் இருப்பதாக லியொனார்டோ கைப்பட எழுதிய குறிப்பு கிடைத்திருக்கிறது.

மன்னர் எவ்வளவு சம்பளம் கொடுத்தார்?

அரச கணக்குப் புத்தகத்தில் பதிவு உண்டு: 'இத்தாலிய ஓவியர் லியொனார்டோ'வுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 2,000 எக்கூ. மெல்சிக்கு அதே காலத்துக்கு 800. சலாய் என்ற பழைய சீடருக்கு 100. எட்டாம் சார்ல் இந்த வீட்டையே 3,500 எக்கூவுக்கு வாங்கினார் என்பதை வைத்துப் பார்த்தால், மூன்றரை வருடச் சம்பளத்தில் இப்படி ஒரு மாளிகை வாங்கலாம். மன்னரின் முதன்மை ஓவியர், பொறியாளர், கட்டிடக் கலைஞர் என்று பட்டம். வீடு இலவசம். பதிலுக்கு என்ன வேலை? பெரும்பாலும் பேச்சு. மன்னருக்கு அவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வீட்டில் அவர் என்ன செய்தார்?

இதற்கு நேரில் பார்த்த சாட்சியே இருக்கிறது. 1517 அக்டோபர் 10 அன்று அரகோன் கர்தினால் லூயி இந்த வீட்டுக்கு வந்தார். அவருடைய செயலாளர் அந்தோனியோ தே பேயாதிஸ் பயணக் குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர். அவர் எழுதியதன் சாரம்: கிழவர் எங்களுக்கு மூன்று ஓவியங்களைக் காட்டினார். ஒன்று, ஃபிளாரன்ஸ் நகரத்துப் பெண்மணி ஒருத்தி. இன்னொன்று, இளம் வயது அருளப்பர் (திருமுழுக்கு யோவான்). மூன்றாவது, புனித அன்னாவின் மடியில் மாதாவும் குழந்தையும். வலது கையில் வாதம் தாக்கியிருப்பதால் இனி அவரிடமிருந்து பெரிய ஓவியம் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் கோடு போட முடிகிறது, மற்றவருக்குக் கற்றுக்கொடுக்க முடிகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட உடல்களை அறுத்துப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

பேயாதிஸ் அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும் என்று எழுதியிருக்கிறார். உண்மையில் 65. அந்த ஐந்து வயதுப் பிழையைப் படிக்கும்போது, வாசலில் நின்று வரவேற்ற மனிதரின் தளர்ச்சி எனக்கு அப்படியே கண்ணில் தெரிகிறது. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதையும் நினைவில் வையுங்கள். எழுதும் கை தப்பித்தது.

சும்மா இருக்கவும் இல்லை. மன்னரின் தாய்க்காக ரொமொராந்தன் என்ற ஊரில் புதிய அரண்மனை, கால்வாய்கள், பிரித்து மாட்டக்கூடிய மர வீடுகள் என்று ஒரு நகரத்துக்கே திட்டம் போட்டார். அது நடக்காமலே போயிற்று. பெருவெள்ளத்தின் சுழல்களை விதவிதமாக வரைந்தார். வடிவியல் கணக்குகளில் மூழ்கினார்.

1518 ஜூன் 19 இரவில் இந்த வீட்டு முற்றத்தில் மன்னருக்காக விழா நடந்தது. முற்றத்துக்கு மேலே நீலத் துணியால் வானம் கட்டி, அதில் நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் கிரகங்களும் பதித்து, நூற்றுக்கணக்கான தீவட்டிகளை ஏற்றினார்கள். இரவையே விரட்டிவிட்டது போலிருந்தது என்று பார்த்தவர் கடிதம் எழுதியிருக்கிறார். 1490-இல் மிலானில் அவர் நடத்திக் காட்டிய 'சொர்க்கம்' என்ற காட்சியை நினைவூட்டும் விழா. ஐந்து நாள் கழித்து, ஜூன் 24, புனித அருளப்பர் திருநாளன்று "அம்புவாஸில், குளூ மாளிகையில்" என்று தாளில் தேதி போட்டு வைத்திருக்கிறார்.

மோனா லிசாவை இங்கேதான் வரைந்தாரா?

தொடங்கியது ஃபிளாரன்ஸில், 1503 வாக்கில். வருடக்கணக்கில் கூடவே வைத்திருந்தார், இங்கும் கொண்டுவந்தார். பேயாதிஸ் பார்த்த ஃபிளாரன்ஸ் பெண்மணி மோனா லிசாதான் என்பது பெரும்பாலோர் கருத்து. 1518-இல் சில ஓவியங்களுக்காகச் சலாய்க்கு அரசுக் கருவூலம் ஒரு பெருந்தொகை கொடுத்த கணக்கு இருக்கிறது. எந்த ஓவியங்கள் என்று அதில் இல்லை. எப்படியோ மன்னரின் சேகரிப்புக்குள் போய், அங்கிருந்து லூவ்ர் அருங்காட்சியகம் வந்தது. குளோ லுசேயில் இப்போது நீங்கள் பார்ப்பது நகல்.

கோட்டைக்குச் சுரங்கப்பாதை இருக்கிறதாமே?

அடித்தளத்தில் ஒரு சுரங்கத்தின் தொடக்கத்தைக் காட்டுகிறார்கள். மன்னர் தினமும் அதன் வழியாக ரகசியமாக வந்து லியொனார்டோவைப் பார்த்துப் போவார் என்பது ஊர்க்கதை. கோட்டை அரை கிலோமீட்டர் தூரம்தான். மேலே தெருவில் நடந்தே வரலாம். பழைய கோட்டை உள்ள எந்த ஊரிலும் சுரங்கக் கதை இல்லாமல் இருக்காது, செஞ்சியிலும் கேட்டிருப்பீர்கள்.

மன்னர் மடியில் தலை வைத்தே லியொனார்டோ இறந்தாரா?

இறந்தது இந்த வீட்டில், 1519 மே 2 அன்று, 67 வயதில். மன்னர் கைகளில் உயிர் விட்டார் என்று எழுதியவர், பின்னாளில் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி. அதை நம்பி 1818-இல் ஆங்கிரே என்ற ஓவியர் மனம் உருகும் படம் ஒன்று வரைந்தார். ஆனால் அந்த நாட்களில் அரசவை சான்-ஜெர்மான்-ஆன்-லேயில் இருந்தது, பாரிஸுக்கு அந்தப் பக்கம். மன்னருக்கு மார்ச் 31 அன்றுதான் அங்கே மகன் பிறந்திருந்தான். ஜூன் 1 அன்று மெல்சி லியொனார்டோவின் தம்பிகளுக்கு எழுதிய கடிதத்தில், அவர் எனக்கு மிக நல்ல தந்தை போல இருந்தார் என்று கலங்குகிறார். மன்னர் அருகில் இருந்ததாக ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தால் சொல்லாமல் விட்டிருப்பாரா?

உயில் எழுதியது ஏப்ரல் 23. புத்தகங்களும் கருவிகளும் மெல்சிக்கு. மிலானுக்கு வெளியே இருந்த தோட்டம் பாதி சலாய்க்கு, பாதி பத்திஸ்தாவுக்கு. அடக்கத்தின்போது அறுபது ஏழைகள் அறுபது மெழுகுத் தீபம் ஏந்தி வர வேண்டும், அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். வீட்டு வேலைக்காரி மத்தூரினாவுக்கு, ரோமத்தோல் உள்வரி வைத்த நல்ல கறுப்புத் துணி அங்கி ஒன்றும் இரண்டு டூக்கட் காசும்.

கல்லறை எங்கே?

கோட்டை வளாகத்தில் இருந்த சான்-ஃப்ளோரந்தன் ஆலயத்தில் புதைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆலயத்தை இடித்துவிட்டார்கள். 1863-இல் அந்த இடத்தைத் தோண்டியபோது ஓர் எலும்புக்கூடும், அவர் பெயரின் எழுத்துகள் போலத் தோன்றும் கல் துண்டுகளும் கிடைத்தன. அவை இப்போது கோட்டையின் சான்-ஹூபேர் சிற்றாலயத்தில் இருக்கின்றன. அவருடையதென்று கருதப்படும் எலும்புகள், அதற்கு மேல் சொல்ல முடியாது.

ஷாம்போர் அரண்மனையின் இரட்டைச் சுருள் படிக்கட்டு இவர் யோசனையா?

ஷாம்போர் வேலை தொடங்கியது 1519 செப்டம்பரில், இவர் இறந்து நான்கு மாதம் கழித்து. ரொமொராந்தனுக்குப் போட்ட யோசனைகள் அங்கே போயிருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கையெழுத்திட்ட வரைபடம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு வீடு யார் கையில் இருந்தது?

மறுபடி அரச குடும்பத்திடம். பிறகு மூன்றாம் ஹென்றி மன்னரின் மெய்க்காவல் தலைவர் மிஷேல் து காஸ்திடம். 1588 டிசம்பரில் கீஸ் கர்தினாலைக் கொன்றவர்களில் ஒருவர். பதினேழாம் நூற்றாண்டில் அம்புவாஸ் குடும்பத்துக்குப் போனது. பிரெஞ்சுப் புரட்சியில் எத்தனையோ மாளிகைகள் சூறைபோனபோது இது தப்பியதற்கு அந்தக் குடும்பம்தான் காரணம் என்பார்கள். 1855-இல் சான் பிரி குடும்பம் வாங்கியது. இன்றுவரை அவர்களுடையதே. 1862-இலேயே அரசு இதை வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பொதுமக்களுக்குத் திறந்தது 1950-களின் நடுவில். சுற்றியுள்ள லுவார் பள்ளத்தாக்கு 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

உள்ளே பார்ப்பதெல்லாம் அந்தக் காலத்துப் பொருள்களா?

சுவரும் கோபுரமும் சிற்றாலயமும் பழையவை. கட்டில், நாற்காலி, திரைச்சீலை எல்லாம் பின்னால் சேகரித்து, அந்தக் காலத்துக்குப் பொருந்துமாறு வைத்தவை. படுக்கை அறையில் உள்ள கட்டிலைப் பார்த்து "இதில்தான் இறந்தார்" என்று குழந்தைகளிடம் சொல்ல வேண்டாம். கீழ்த்தளத்து வரவேற்பறைகள் 18-ஆம் நூற்றாண்டுப் பாணியில் இருக்கும். அதுவும் வீட்டின் வயதில் ஒரு பகுதிதான், எனக்கு அதில் குறையில்லை.

அந்தப் படுக்கை அறையின் ஜன்னலிலிருந்து கோட்டை தெரியும். இங்கிருந்து தெரியும் கோட்டையை மெல்சி வரைந்ததாகக் கருதும் ஒரு சிறிய செஞ்சுண்ணக் கோட்டோவியம் இங்கிலாந்து அரச சேகரிப்பில் இருக்கிறது. நான் அதன் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று ஒப்பிட்டுப் பார்த்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

குழந்தைகளுக்குப் பிடிக்குமா? எப்படிப் போவது?

நன்றாகப் பிடிக்கும். அடித்தளத்தில் அவருடைய வரைபடங்களைப் பார்த்துச் செய்த நாற்பது இயந்திர மாதிரிகள் இருக்கின்றன. வெளியே சுமார் 7 ஹெக்டேர் பூங்கா, நடுவே அமாஸ் என்ற ஓடை. பெரிய அளவில் செய்த சில இயந்திரங்களைக் குழந்தைகள் கையாலேயே சுற்றலாம்.

பாரிஸிலிருந்து ரயிலில் போகலாம். ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து அம்புவாஸுக்கு நேர் வண்டிகள் உண்டு; இல்லையென்றால் மோன்பார்னாஸிலிருந்து அதிவேக ரயிலில் சான்-பியேர்-தே-கோர் வந்து மாறலாம். பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம் உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் நம் ஆட்கள் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். கோடையில் காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகலில் சுருள் படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொள்வார்கள்.

நேரம் குறைவு, ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால்?

சமையற்கட்டு.

எல்லோரும் படுக்கை அறையைச் சொல்வார்கள். சமையற்கட்டில் ஆள் உயர அடுப்பு வாய், செம்புப் பாத்திரங்கள், கல் தரை. இந்த வீட்டைக் கட்டியவர் வாழ்க்கையைத் தொடங்கியது இப்படி ஓர் அடுப்பின் முன்னால்தான். மத்தூரினா வேலை செய்த இடமும் இதுதான். குளிர்காலத்தில் இந்தக் கல் தரையில் நின்று பாருங்கள், உயிலில் ஏன் ரோமத்தோல் வைத்த அங்கியை எழுதினார் என்று காலுக்குத் தெரியும்.

லியொனார்டோவின் கடைசிக் காலத் தாள்களில் ஒன்று என்று ஆய்வாளர்கள் சொல்கிற ஒரு வடிவியல் பக்கம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. முக்கோணங்களைப் பற்றி எழுதிக்கொண்டே போகிறார். நடுவில் வாக்கியத்தை நிறுத்திவிட்டு, "முதலியன, ஏனென்றால் சூப் ஆறிக்கொண்டிருக்கிறது" என்று எழுதி எழுந்துவிட்டார்.